மோட்டார் எஞ்சினும் அதன் கணினியும்

வவுனியா நகரிலிருந்து மேற்கே மன்னாரை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், பல்கலைக்கழகம் அமைந்துள்ள பம்பைமடுவைக் கடந்து அப்பாற் சென்றால் பூவரசங்குளம் என்னும் ஊர் வரும். குளத்தையும் வயலையும் நம்பி வாழும் ஊர் அது. ஸ்போர்ட்ஸ் கார் என வழங்கும் விரைவோட்டக் கார்களை அங்கே தேடினால் அகப்படுதல் அரிது. உழவு இயந்திரங்களும், மோட்டார் சைக்கிள்களும், நீரிறைக்கும் இயந்திரங்களுமே அத்தெருவில் மிகுதி. ஆயினும், விரைவோட்டக் காரொன்றின் எஞ்சினுக்குப் புதிய கணினி பொருத்திச் செப்பஞ் செய்ய விரும்புவோர் கற்க வேண்டிய முதற் பாடத்தை, வன்னிக் கமக்காரர் நெடுங்காலத்துக்கு முன்னரே கற்றுவிட்டனர்.

மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரத்தை நேயர்கள் பலர் கண்டிருப்பர். அதில் எண்ணெய்க் கலம் இரண்டு பகுதிகளாக இருக்கும். சிறியதில் பெற்றோல், பெரியதில் மண்ணெண்ணெய். முதலில் பெற்றோலைத் திறந்து கயிற்றை இழுத்து இயந்திரத்தை ஓடவிடுவர். அது நன்றாகச் சூடேறிய பின்னரே குழாயைத் திருப்பி மண்ணெண்ணெயை விடுவர். காரணம் யாது? பெற்றோல் குளிர்ந்த நிலையிலும் எளிதில் ஆவியாகிக் காற்றோடு கலக்கும். மண்ணெண்ணெய் அவ்வாறு கலவாது, அதற்குச் சூடு வேண்டும். இறைப்பு முடியும் நேரத்தில், நிறுத்துவதற்குச் சற்று முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிவிடுவர். இல்லையேல் மறுநாட் காலையில் காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய் தங்கியிருந்து, எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் இயந்திரம் உயிர்பெறாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒரு முறைமை, சூடேறிய பின் வேறொரு முறைமை என்னும் இந்த அறிவையே இன்றைய எஞ்சின் கணினியும் தன்னுள் எழுதி வைத்திருக்கிறது.

இவ்வறிவு வன்னியிற் கடுஞ் சோதனைக்கு உள்ளான காலமும் ஒன்று உண்டு. 1990 ஆம் ஆண்டில் மீண்டும் போர் மூண்ட பின், வவுனியாவுக்கு வடக்கே உள்ள பகுதிகளுக்குப் பெற்றோல் செல்வது தடுக்கப்பட்டது. 2002 ஆம் ஆண்டில் போர்நிறுத்தம் வரும்வரை, இடையிடையே சில மாறுதல்களோடு, அந்நிலை நீடித்தது. கடத்தி வந்த பெற்றோலின் விலை எளியவர்க்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அக்காலத்தில் மோட்டார் சைக்கிள்களையும், ஓஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய பிரித்தானியக் கார்களையும் மெக்கானிக்குகள் மண்ணெண்ணெயில் ஓட வைத்தனர். சிறு போத்தலொன்றிற் கொஞ்சம் பெற்றோலைக் காப்பாற்றி வைத்து, அதனைக் காபரேற்றரின் வாயிற் சிறிது செலுத்தி எஞ்சினை எழுப்பி, பின்னர் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவர். வண்டி வெண்புகையைக் கக்கிக்கொண்டு போகும். மணமும் அவ்வளவு நன்றன்று. ஆயினும் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றவை அந்த வண்டிகளே.

புதிய கார்களைவிடப் பழைய கார்கள் இதற்கு இணங்கியமைக்குத் தக்க காரணம் உண்டு. எஞ்சினின் சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் நுழைந்த பின், பிஸ்டன் அவற்றை மேலே அழுத்துகிறது. பழைய கார்களில் அவ்வழுத்தத்தின் விகிதம் ஏறக்குறைய 7க்கு 1 ஆக இருந்தது. இக்காலக் கார்களில் 10க்கு 1 என்பதும் அதற்கு மேற்பட்டதும் வழக்கம். மண்ணெண்ணெய் மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. பிளக்கின் தீப்பொறியாற் பிறந்த சுடர் பரவி வருமுன்னரே, எஞ்சியுள்ள கலவை தானாக வெடித்துவிடும். அப்போது தகரப் பேணிக்குள் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கினாற் போன்ற ஒலி எழும். இதனையே மெக்கானிக்குகள் தட்டல் என்பர். சிறிது தட்டல் எஞ்சினை வருத்தும். தொடர்ந்த தட்டல் பிஸ்டனையே உடைக்கும். பழைய கார்களின் குறைந்த அழுத்தம் அந்த ஆபத்தைத் தணித்தது. மேலும், தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றுத் தாமதமாக்கும் வழியை மெக்கானிக்குகள் அறிந்திருந்தனர். எரியாத மண்ணெண்ணெய் வழிந்து கீழே உள்ள எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆதலால் எண்ணெயை அடிக்கடி மாற்றினர்.

இதிலிருந்து ஒன்று புலனாகும். எந்தப் பெற்றோல் எஞ்சினைச் செப்பஞ் செய்வதாயினும் விடைகாண வேண்டிய வினாக்கள் இரண்டே. உள்ளே வந்த காற்றுக்கு எவ்வளவு எரிபொருள் வேண்டும்? தீப்பொறி எந்தக் கணத்தில் விழ வேண்டும்? முதல் வினாவுக்குப் பழைய கார்களிற் காபரேற்றர் விடை கூறிற்று. இரண்டாவது வினாவுக்கு டிஸ்ரிபியூட்டர் விடை கூறிற்று. அதனுட் சுழலும் இரு சிறு எடைகள், வேகம் மிகுந்தபோது விரிந்து, பொறி விழும் நேரத்தை முன்னே தள்ளின. துளைகளாலும் சுருள்வில்களாலும் கூறப்பட்ட விடைகள் அவை. ஓரளவு சரியாகவும், எல்லா நிலைகளிலும் சிறிது தவறாகவும் இருந்தன.

அந்தச் சிறு தவற்றைப் போக்கவே மின்னணுச் சாதனங்கள் வந்தன. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் பென்டிக்ஸ் நிறுவனம் மின்சாரத்தால் எரிபொருளைப் பீச்சும் கருவியொன்றைச் செய்தது. 1958 ஆம் ஆண்டுக் கிறைஸ்லர் கார்கள் சிலவற்றில் அது பொருத்தப்பட்டது. அக்காலத்து மின்னணு உறுப்புகள் காருக்குள் எழும் சூட்டையும் அதிர்வையும் தாங்கவில்லை. அக்கார்களிற் பெரும்பாலானவற்றுக்குக் காபரேற்றரே மீண்டும் மாட்டப்பட்டது. பின்னர் 1967 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் 1600 காருக்கு அத்தகைய கருவியை வெற்றியோடு செய்து கொடுத்தது. 1976இல் புகைபோக்கியில் எஞ்சியுள்ள பிராணவாயுவை அளந்து சொல்லும் உணரி வொல்வோ காரில் வந்தது. 1979இல் எரிபொருளையும் தீப்பொறியையும் ஒருங்கே ஆளும் கணினி பி.எம்.டபிள்யூ. 732ஐ என்னும் காரில் இடம்பெற்றது. அதன் வழிவந்த பெட்டிகளே இன்று நம் தெருக்களில் ஓடும் பெற்றோற் கார்களில் இருக்கின்றன.

அப்பெட்டி எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சற்று விரிவாகக் காண்பது நன்று. அதற்குக் கண்ணும் காதும் போன்று பல உணரிகள் உண்டு. சுழல்தண்டோடு சேர்ந்து சுழலும் பற்சக்கரத்தை ஓர் உணரி பார்த்துக்கொண்டிருக்கும். பற்களில் ஒன்றோ இரண்டோ வேண்டுமென்றே நீக்கப்பட்டிருக்கும். அந்த இடைவெளி கடக்கும்போது பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதைக் கணினி அறியும். உட்செல்லும் காற்றின் அழுத்தத்தையோ அளவையோ இன்னோர் உணரி சொல்லும். காற்றின் வெப்பம், நீரின் வெப்பம், ஓட்டுநர் மிதியை எவ்வளவு மிதித்தார் என்பது, எரிந்து வெளியேறும் புகையில் எஞ்சியுள்ள பிராணவாயு ஆகியவற்றையும் தனித்தனி உணரிகள் சொல்லும். இவற்றைக் கேட்டுக் கணினி தன்னிடமுள்ள அட்டவணையைப் பார்க்கிறது. பள்ளிக்கூடத்து வாய்பாட்டைப் போன்றதே அவ்வட்டவணை. மேலே எஞ்சினின் வேகம். பக்கத்தில் அதன் சுமை. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண். பதினாறு வரிசையும் பதினாறு நிரலும் இருந்தால் 256 கட்டங்கள். எரிபொருளுக்கு ஓர் அட்டவணை, தீப்பொறிக்கு ஓர் அட்டவணை. குளிர்ந்த நிலைக்கும் திடீரென மிதிக்கும் நிலைக்கும் திருத்தங்கள் வேறு.

வேகத்தை எண்ணிப் பார்த்தால் வியப்பு எழும். நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் விநாடிக்கு 100 சுற்று. ஒரு சுற்றுக்கு 360 பாகை. ஆக, விநாடிக்கு 36,000 பாகை. தீப்பொறி ஒரு பாகை பிந்தாமல் விழ வேண்டுமாயின், விநாடியை முப்பத்தாறாயிரம் கூறாக்கி அதில் ஒரு கூற்றைத் தவறவிடாமல் இருத்தல் வேண்டும். கணினி இதனைத் தளராது செய்கிறது. ஆனால், அந்தப் பொறி எத்தனையாம் பாகையில் விழுவது நல்லது என்பதைக் கணினி தானாக அறியாது. கட்டத்தில் எழுதியிருக்கும் எண்ணை அது நம்பும். எழுதியவர் தவறு செய்திருந்தால், அத்தவற்றை விநாடிக்குப் பலமுறை பிழையின்றி நிறைவேற்றிவிடும்.

கார் செய்த நிறுவனம் தன் கணினிக்குள் நல்ல எண்களையே எழுதி அனுப்புகிறது. பின், அதனை ஏன் மாற்ற வேண்டும்? மாற்றாமல் இருப்பதே பெரும்பாலானோர்க்கு உகந்தது. எஞ்சினின் உறுப்புகளை மாற்றிய பின்னரே மாற்றுக் கணினியின் தேவை எழுகிறது. சான்றாக, 1989 ஆம் ஆண்டில் ஜப்பானின் மஸ்டா நிறுவனம் வெளியிட்ட எம்.எக்ஸ்-5 என்னும் இருவர் அமரும் சிறு காரை எடுத்துக்கொள்ளலாம். உலகின் பல பாகங்களில் மாற்றுக் கணினி பொருத்துவோர் விரும்பிக் கையாளும் கார் அது. அதன் முதல் 1.6 லீற்றர் எஞ்சினிற் காற்றின் அளவை அறிய ஒரு கதவு இருந்தது. காற்று அதனைத் தள்ளிக்கொண்டு உட்செல்லும். கதவு எவ்வளவு திறந்தது என்பதே காற்றின் அளவு. இந்த எஞ்சினுக்கு டர்போ பொருத்தினால் மிகுந்த காற்று நுழையும். கதவு முழுதும் திறந்த பின் மேலும் வரும் காற்றைக் கணினி அறிய வழியில்லை. அறியாத காற்றுக்கு எரிபொருள் போகாது. எரிபொருள் குறைந்த கலவை மிகுந்த அழுத்தத்தில் எரியும்போது, முன்னர்க் கூறிய தட்டல் எழும். சில விநாடிகளிற் பிஸ்டனில் ஓட்டை விழுதலும் கூடும். இங்கே மாற்றுக் கணினி ஆடம்பரம் அன்று, காப்பு.

மாற்றும் வழிகள் பல. கார் நிறுவனத்தின் கணினியிலேயே எண்களை அழித்துத் திருத்தி எழுதுதல் ஒன்று. சிறு மாறுதல்களுக்கு அதுவே சிக்கனமும் சிறப்பும் ஆகும். குளிர்ந்த நிலையில் எழுப்புதல், குளிரூட்டி முதலிய ஏனைய வேலைகள் கெடாமல் இருக்கும். எல்லாக் கார்களின் கணினியும் அதற்கு இடங்கொடுப்பதில்லை. உணரிக்கும் கணினிக்கும் இடையே ஒரு சிறு பெட்டியை நுழைத்து, உணரி கூறியதை மாற்றிக் கூறச் செய்வது இன்னொரு வழி. விலை குறைவு என்பதால் இதனைப் பலர் நாடுவர். ஆனால் இது கணினியிடம் பொய் சொல்லும் முறை. காற்றுக் குறைவாக வந்தது என்று பொய் சொன்னால் எரிபொருள் குறையும். அதே நேரத்தில் சுமை குறைந்தது என நினைத்துக் கணினி தீப்பொறியை முன்னே தள்ளும். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் வேண்டும் என்பது இங்கும் மெய்யாகிறது. பழைய பெட்டியை முழுவதும் நீக்கிவிட்டுத் தனிக் கணினியை வைப்பதே பெரும் மாறுதல்களுக்கு ஏற்றது.

தனிக் கணினிகளைச் செய்யும் நிறுவனங்கள் இன்று மலிந்துள்ளன. அவுஸ்திரேலியாவின் ஹால்டெக், மோடெக் ஆகியவை 1980களின் பிற்பகுதியிலிருந்து இத்தொழிலில் உள்ளன. நியூசிலாந்தின் லிங்க் என்பதும் பெயர் பெற்றது. 2001 ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த பௌலிங், கிரிப்போ என்னும் இருவர், உறுப்புகளை வாங்கி வீட்டிலேயே பற்றவைத்துச் செய்துகொள்ளத்தக்க மெகாஸ்குவர்ட் என்னும் கணினியை வெளியிட்டனர். அதன் பயனாகக் குறைந்த செலவில் இக்கலையைக் கற்றோர் பலர். எந்தப் பெயர் சிறந்தது என்று வினவுவதைக் காட்டிலும் வேறு சில வினாக்கள் பயனுடையன. அந்தக் கணினி குறிப்பிட்ட எஞ்சினின் பற்சக்கரத்தைப் படிக்குமா? எத்தனை பீச்சிகளையும் எத்தனை கொயில்களையும் தனித்தனியே ஆளும்? தட்டலைக் கேட்கும் உணரி அதற்கு உண்டா? எண்ணெய் அழுத்தம் வீழ்ந்தாலோ, நீர் கொதித்தாலோ, கலவை மெலிந்தாலோ, எஞ்சினைத் தானாகத் தளர்த்தி நிறுத்துமா? ஓட்டத்தின்போது நிகழ்ந்தவற்றைப் பதிந்து வைக்குமா?

இவை யாவற்றிலும் பெரிய வினா ஒன்று உண்டு. அதனைச் செப்பஞ் செய்யத் தெரிந்தவர் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா என்பதே அது. உலகிற் சிறந்த கணினியை வாங்கி, அதன் மொழி அறிந்தவர் கொழும்பிலும் இல்லாமற் போனால், அது சிலை செதுக்கத் தெரியாதவர் கையிற் கிடைத்த உளி. தமக்கு நன்கு பழகிய நடுத்தரக் கணினியில் ஒருவர் செய்யும் வேலை, பழகாத உயர்ந்த கணினியில் அவரே செய்யும் வேலையிலும் மேலாக இருக்கும். ஃபோர்முலா வண் பந்தயத்தில் இதற்குச் சான்று உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005 ஆம் ஆண்டில் அப்பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானபோது, ஒவ்வொரு குழுவும் தன் விருப்பப்படி கணினியைத் தேர்ந்துகொள்ள முடிந்தது. 2008 முதல் எல்லாக் கார்களும் ஒரே வகைக் கணினியையே வைத்தல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பெட்டி ஒன்றானதால் வண்டிகள் யாவும் ஒரே வேகத்தில் ஓடிவிடவில்லை.

வாங்கிய பின் வயர் இணைப்பு. பலர் பொறுமை இழக்கும் இடம் இது. பல எஞ்சின்கள் நோயுறும் இடமும் இதுவே. பழைய இணைப்பியில் அப்படியே செருகத்தக்க கணினி கிடைக்குமாயின் அதனை விரும்புதல் நன்று. வயர்களை வெட்டி இணைப்பதாயின் பூமி இணைப்பு ஒரே இடத்தில், எஞ்சினோடு உறுதியாக இருத்தல் வேண்டும். தளர்ந்த பூமி இணைப்பு வெப்ப உணரியின் சொல்லைத் திரித்துவிடும். கணினி குளிர்ந்த எஞ்சின் என்று எண்ணி எரிபொருளை ஊற்றும். அட்டவணையைத் திருத்தித் திருத்திக் களைத்த பின்னரே குற்றம் எண்ணில் இல்லை, திருகாணியில் இருந்தது என்பது தெரியும். வன்னியின் மாரியும் கோடைப் புழுதியும் அறிந்தவர், பெட்டியை எஞ்சின் அறைக்குள் வையாது, காருக்குள் உலர்ந்த இடத்தில் வைப்பர்.

காற்றை எந்த உணரியால் அளப்பது என்பதும் இடத்தைப் பொறுத்தது. மிதியின் நிலையை மட்டும் வைத்துக் காற்றை ஊகிக்கும் முறை எளிது. பந்தய எஞ்சின்களில் வழங்குவது. இம்முறையில் வவுனியாவிற் செப்பஞ் செய்த காரொன்றை நுவரெலியா மலையேற்றப் பந்தயத்துக்குக் கொண்டு சென்றால் என்ன நிகழும்? நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் கரையோரத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கே. மிதி அதே அளவு திறந்தாலும் காற்று குறைவாகவே நுழையும். எரிபொருளோ பழைய அளவில் வரும். எஞ்சின் கரும்புகை கக்கித் திணறும். பழைய நாளிற் காபரேற்றரோடு மலையேறியவர்கள் சிறு துளையுள்ள ஜெற்றுகளைக் கையிற் கொண்டு போனதும் இதன் பொருட்டே. அழுத்த உணரியுள்ள கணினி இம்மாற்றத்தைத் தானே கண்டுகொள்ளும். வெப்பமும் அவ்வாறே. 20 பாகை செல்சியஸ் காற்று 40 பாகைக்குச் சூடேறினால் அதன் செறிவு ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு குறையும். ஐரோப்பாவிற் செய்த அட்டவணையை இணைத்தளத்திலிருந்து இறக்கி, வன்னியின் சித்திரை வெயிலில் அப்படியே ஓட்டுவது எவ்வளவு பொருந்தும் என்பதை இதனால் ஊகிக்கலாம்.

இனிச் செப்பஞ் செய்தல். வீணையை மீட்டுமுன் சுருதி சேர்ப்பது போன்றது என்று சொல்வர். ஆனால் வீணையின் தந்தி அறுந்தால் புதிதாகக் கட்டலாம், எஞ்சின் அப்படியன்று. ஆகவே ஒழுங்கு முக்கியம். முதலில் எஞ்சின் உடல்நலத்தோடு இருக்கிறதா என்று பார்ப்பர்: சிலிண்டர்களின் அழுத்தம், எரிபொருளின் அழுத்தம், பிளக்குகளின் நிறம். பின்னர் மின்விளக்கால் சுழல்தண்டுக் கப்பியின் குறியைப் பார்த்து, கணினி பத்துப் பாகை என்று சொல்லும்போது எஞ்சினிலும் பத்துப் பாகையே இருக்கிறதா என ஒப்பிடுவர். இந்த ஒப்பீட்டைத் தவிர்த்தவர் எழுதும் ஒவ்வோர் எண்ணும் பொய்யாகும். பீச்சி திறக்க எடுக்கும் நேரம் பற்றரியின் வலுவுக்கு ஏற்ப மாறும் என்பதையும் கணக்கில் எழுதுவர்.

அடுத்துக் கலவை. பெற்றோல் முழுதும் எரிய, எடைக்கணக்கில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். அமைதியான ஓட்டத்தில் இவ்விகிதம் பொருந்தும். முழு வலுவில் ஓடும்போது 12.5 முதல் 13 வரை எரிபொருளைச் செறிவாக்குவர். டர்போ உள்ள எஞ்சினில் அதனிலும் செறிவாக. மிகுதிப் பெற்றோல் ஆவியாகும்போது சிலிண்டரைக் குளிர்விக்கும்; தட்டலைத் தணிக்கும். இந்த அளவுகளைக் காண, காரோடு வந்த சாதாரணப் பிராணவாயு உணரி போதாது. அது 14.7க்கு மேலா கீழா என்று மட்டுமே சொல்லும், ஆம் இல்லை என்று தலையசைக்கும் சாட்சியைப் போல. எவ்வளவு என்று சொல்லவல்ல அகன்ற வீச்சுள்ள உணரியை வாங்குவதே கணினிக்கு அடுத்த செலவாக இருத்தல் வேண்டும். அஃதின்றிச் செப்பஞ் செய்வோர் இருட்டில் நெல் தூற்றுகின்றனர்.

தீப்பொறியில் எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். பாதுகாப்பான, தாமதமான நிலையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பாகையாக முன்னே கொண்டுவருவர். உருளைகளின் மேல் காரை நிறுத்தி ஓட்டி வலுவை அளக்கும் மேடை இதற்கு மிக உதவும். ஒவ்வொரு பாகைக்கும் வலு ஏறும். ஓரிடத்தில் ஏற்றம் நிற்கும். நின்ற இடத்திலிருந்து சற்றுப் பின்வாங்குவதே அறிவு. சில எஞ்சின்களில் வலு ஏறி முடியுமுன்னரே தட்டல் தோன்றிவிடும். அங்கே தட்டலே எல்லை. அந்த எல்லையை முடிவு செய்வது பெற்றோலின் ஒக்ரேன் எண். இலங்கையில் பெரும்பாலும் விற்பவை 92, 95 என்னும் இருவகை. ஜப்பானில் விற்கும் உயர்தரப் பெற்றோல் ஏறக்குறைய 100. ஜப்பானின் உயர்தரப் பெற்றோலுக்கு எழுதிய அட்டவணையோடு வந்த காரில் 92 ஊற்றி முழு வேகத்தில் ஓட்டுவது, மெல்லிய அளவில், மண்ணெண்ணெய்க் காலத்துச் சிக்கலேயாகும். 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டிற் கிடைத்ததை ஊற்றி ஓட்டியோர் பலர். எந்தப் பெற்றோல் எப்போதும் கிடைக்குமோ அதற்கே அட்டவணையை எழுதுவித்தல் நன்று.

குளிர்ந்த நிலையில் எழுப்பும் திருத்தங்களுக்குக் காலம் வேண்டும். ஓர் எஞ்சின் நாளுக்கு ஒரு முறையே முழுதாகக் குளிர்ந்திருக்கும். காலையில் ஓர் எண்ணைத் திருத்தி, சரிவரவில்லை என்றால் மறுநாட் காலைவரை காத்திருத்தல் வேண்டும். ஒரே பிற்பகலில் எல்லாம் முடித்துத் தருவதாகக் கூறுவோரிடம், விடியற்காலையில் எஞ்சின் எப்படி எழும் என்று கேட்டுவிடுவது தகும்.

மெக்கானிக்கின் காது இனித் தேவையில்லையோ என்னும் ஐயம் எழலாம். தட்டல் உணரி எஞ்சினின் அதிர்வைக் கேட்கிறது. வால்வுகளின் ஓசையையும் தளர்ந்த தகட்டின் ஓசையையும் அது தட்டல் என மயங்குவது உண்டு. எது எது என்று பிரித்துச் சொல்ல, பழகிய காது இன்றும் வேண்டும். வன்னியில் மண்ணெண்ணெயோடு போராடிய மெக்கானிக்குகளிடம் அந்தக் காது உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 ஆம் ஆண்டிலிருந்து இலங்கை ஜெர்மன் தொழிற்பயிற்சி நிலையம் மோட்டார் தொழில் கற்பித்து வருகிறது. அங்கே கணினியைத் திறந்து படிக்கக் கற்ற இளைஞர், விடுமுறையில் ஊர் திரும்பும்போது பழைய கராஜ்களில் சில நாட்கள் நின்றால் பாடநூலில் இல்லாதது சில கிடைக்கும். மூத்தவர்களுக்கும், தாம் செவியால் அறிந்ததைத் திரையில் வளைகோடாகக் காண்பது மகிழ்ச்சி தரும்.

பொதுத் தெருவில் ஓடும் கார் என்றால் இன்னொன்றையும் கருத வேண்டும். 2008 முதல் இலங்கையில் வாகனப் புகைச் சோதனை நடைபெறுகிறது. வலுவுக்காகச் செறிவாக்கிய கலவையை, ஆறுதலான ஓட்டத்தின் கட்டங்களிலும் எழுதிவிட்டால் சோதனையில் தேறாது. புகைபோக்கியில் உள்ள வினையூக்கியும் எரிந்து கெடும். முழு மிதிப்பின் கட்டங்களை வலுவுக்கும், ஏனையவற்றைத் தூய்மைக்கும் சிக்கனத்துக்கும் எழுதுவதே முறை.

வேலை முடிந்ததும் அட்டவணையின் பிரதி ஒன்றைக் கார்ச் சொந்தக்காரர் கேட்டு வாங்கி வைத்தல் வேண்டும். எந்தப் பெற்றோலுக்கு, எந்தப் பீச்சிக்கு, எந்நாளில் எழுதியது என்னும் குறிப்பும் அதனோடு இருத்தல் நலம். பீச்சியை மாற்றினாலும், டர்போவின் அழுத்தத்தைக் கூட்டினாலும், அந்த அட்டவணை அவ்வெஞ்சினுக்கு உரியதன்று. மீண்டும் மின்விளக்கோடும் உணரியோடும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.